அரைக்கோடு

முள் அசையவில்லை. அசையவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லாரி மேலே வந்து நின்றபோது ஒரு துடி துடித்தது, பிறகு வந்த வழியே திரும்பி, பூஜ்யத்துக்கு அரைக்கோடு தள்ளி உட்கார்ந்துகொண்டது. அரைக்கோடு. தலைக்கு மேல் ஒரு லாரி நிறைய ஜல்லி நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பாலம், செங்கல் வளைவு, சுண்ணாம்பைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது, அது அரைக்கோடுதான் இறங்கியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே ஜெபசெல்வி, எதற்கு என்னவோ செரிக்காத மாதிரி இருக்கிறது? காலையில் தின்ற இட்லியாக இருக்கும். மாசானமுத்து சார் வாங்கிக் கொடுத்த இட்லி. நெடுஞ்சாலை என்ஜினீயர், இந்தப் பாலத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டவேண்டும் என்று மூன்று வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்து வாதாடியவர், எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, கெட்டிச் சட்னி வேணுமா மேடம் என்றும் கேட்டார். எதிர்க்கட்சி இட்லி செரிக்காது சார் என்றேன். சிரித்தார். நல்ல மனுஷன், அதுதான் சங்கடம், கெட்டவனாக இருந்திருந்தால் இந்த மூன்று வருஷமும் சுலபமாகப் போயிருக்கும். முதுகு வலிக்கிறது. வளைவுக்கு அடியில் கட்டிய சாரத்துப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் தலை செங்கலில் இடிக்கிறது, காலைத் தொங்கப்போட்டால் கடிகாரம் கண்ணுக்கு எட்டவில்லை. கடிகாரம் என்றுதான் இசக்கியப்பன் சொல்கிறான், சாரம் கட்டுகிறவன், அவனுக்கு வட்டமாய் முள் வைத்த எதுவும் கடிகாரம்தான். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆற்றுக்குள் நட்ட ஒரு சவுக்குக் கம்பத்தின் உச்சியில் அதை இறுக்கியிருக்கிறது, அதன் தலையிலிருந்து ஒரு சின்னக் கம்பி நீண்டு வளைவின் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வளைவு இறங்கினால் கம்பி உள்ளே போகும், முள் சுற்றும். எவ்வளவு இறங்கலாம் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் கண்ணாடியின் மேல் என் மகளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன். முள் பொட்டைத் தாண்டினால் பாலம் போச்சு. தாண்டாவிட்டால், லாரி போனபிறகு முள் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டால், பாலம் இருக்கும், பஸ் ஓடும். நடுவில் வேறு வழி கிடையாது. கமிட்டியில் எல்லார் முன்னாலும் இதை ஒப்புக்கொண்டவள் நான்தான். சோதனை வேண்டும் என்று கேட்டு வாங்கியவளும் நான்தான்.

மேலே பாட்டு கேட்கிறது. செங்கலைத் துளைத்துக்கொண்டு எப்படிக் கேட்கும், ஓரத்துச் சுவர் வழியாகச் சுற்றி வருகிறது போலிருக்கிறது. லாரிக்குள் ரேடியோ. அப்படியானால் டிரைவர் தளவாய் இறங்கவில்லை. வண்டியை நிறுத்தியதும் இறங்கிக் கரைக்குப் போய்விடு என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கைபிரேக்கு சரியில்ல மேடம், நான் காலை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு மணி நேரம்தானே என்றான். சக்கரத்துக்கு அண்டைக் கல் வை என்றேன். வச்சிட்டு இறங்கிருதேன் என்றான். இறங்கவில்லை. தென்கரைக்காரன். இந்தப் பாலத்தில் வண்டி போகக்கூடாது என்று மூடியதிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறானாம். பாலம் தேறிட்டுன்னா மொத வண்டி என் வண்டிதான் மேடம் என்று காலையில் சொல்லிவிட்டு, முன்கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டான். அவனும் என் கட்சி. இந்த ஊரில் எல்லாரும் என் கட்சி. ஏழு வளைவு கொண்ட இந்த ஏழுகண் பாலத்தை இடிக்கக்கூடாது என்று கடை அடைத்தார்கள், கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பினார்கள், எல்லாப் படத்திலும் ஆற்றில் தண்ணீர் ததும்ப ஓடியது. இப்போது நடுக்கண்ணுக்குக் கீழே கணுக்கால் தண்ணீர், அதற்கும் கீழே சேறும் மணலும், இருட்டு, வௌவால் நாற்றம். செங்கல் இடுக்கிலிருந்து ஒரு சொட்டு என் பிடரியில் விழுகிறது. தண்ணீரா, லாரியின் எண்ணெயா. தொட்டுப் பார்த்தேன், தண்ணீர்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழை பெய்து மாசக்கணக்கு ஆகிறதே. எண்ணெய் என்றால் பயம் இல்லை, தண்ணீர் என்றால் மேலே மண்ணுக்குள் எங்கேயோ தேங்கி நிற்கிறது. வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. முள்ளைப் பார். அரைக்கோடு. அப்படியே இருக்கிறது.

இவ்வளவு அமைதியாக ஒரு முள் இருந்து நான் பார்த்ததில்லை. வடக்கே ஒரு பாலத்தில், கல்வளைவு, இதைவிடத் தடிமன், அதன் மேல் ஒரு ரோடுரோலரை நிறுத்தியபோதுகூட முள் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி, பார்த்தால் தெரியாது, கையை வைத்தால் தெரியும். வெயில் ஏறினால் ஏறும், காற்றடித்தால் நடுங்கும். உயிருள்ள பாலம் அசையும், அசைவதுதான் அதன் வேலை என்று பழைய பாலங்களைக் காப்பாற்ற ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவள் நான்தானே. அசையாவிட்டால்? அசையாவிட்டால் அவ்வளவு கெட்டி என்று அர்த்தம். வேறென்ன அர்த்தம். வேறு அர்த்தம் தேடாதே. போன மாதம் டாக்டரிடம் போனபோது, ரத்த அழுத்தம் பார்க்கிற பெண் பட்டையைக் கட்டியதும் நான் மூச்சை இழுத்து நிதானமாக விட்டேன், விரல்களைத் தளர்த்திக்கொண்டேன், கடலை நினைத்துக்கொண்டேன், நார்மல் மேடம் என்றாள். வெளியே வந்து ஆட்டோ ஏறும்போது காது இரண்டும் அடைத்தது. தங்கதுரையிடம் நார்மல் என்றுதான் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒனக்கு எது வேணுமோ அதையே மிஷினும் சொல்லுது, கொடுத்து வச்சவ என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இதே வளைவில் சுத்தியலால் ஒவ்வொரு செங்கலாகத் தட்டிக் கேட்டபோது, தெற்கு ஓரத்தில் ஓரிடத்தில் பொத்தென்று கேட்டது. உள்ளே பொள்ளல். மறுபடி தட்டினேன், பொத்தென்றுதான் கேட்டது. ஒரு விரல்கடை தள்ளித் தட்டினேன், கணீரென்றது. எனக்கு மூச்சு வந்தது. இரண்டையும் எழுதினேன், எதையும் மறைக்கவில்லை, ஆனால் கணீரென்றதை எழுதும்போது என் கையெழுத்து நன்றாக இருந்தது.

"மேடம்! எவ்ளோ காட்டுது?" கரையிலிருந்து மாசானமுத்து சார். குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஒரு காதில் போன்.

"அரைக்கோடு சார்."

"எத்தன?"

"அரை! அரைக்கோடு!"

என் குரல் வளைவுக்குள் மோதி இரண்டு மூன்று பேர் குரலாக வந்தது. அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்புறம், "சரிதான், ஒங்க கட்சி ஜெயிச்சிட்டு மேடம். நான் மேல சொல்லிருதேன்" என்றார், போனை வாயருகே கொண்டுபோனார். தோற்றவர் குரலாக இல்லை, அவருக்கும் சந்தோஷம்தானோ என்னவோ. இவர் சின்ன வயசில் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் குதித்தவர் என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டேன். இதுவரை நான் தோற்ற பாலங்கள் எல்லாம் வரிசையாக மனசுக்குள் வந்தன. இடித்த பிறகு கல்லை விலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒரு வளைவின் உச்சியைப் பூட்டியிருந்த சாவிக்கல் எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது, தங்கதுரை அதன் மேல் செருப்பை விடுகிறார். இந்த ஒன்று நிற்கும். போதும். இந்த ஒன்று போதும் ஆண்டவரே, இனி எதுவும் கேட்கமாட்டேன். இடது கால் மரத்துப்போய்விட்டது. நீட்டினால்தான் ரத்தம் ஓடும். கையை ஊன்றி, இடுப்பைக் கொஞ்சம் தூக்கி, கம்பத்துக்கு அந்தப் பக்கமாகச் சாய்ந்து காலை நீட்டினேன்.

முள் நகர்ந்தது.

இறங்குகிறது, வளைவு இறங்குகிறது, இத்தனை நேரம் பிடித்துவைத்துவிட்டு இப்போது விடுகிறது, தளவாய் மேலே இருக்கிறான். அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்தேன். பழையபடி சம்மணம். முள்ளும் பழையபடி வந்து அரைக்கோட்டில் உட்கார்ந்தது. வளைவு ஏறி இறங்கி விளையாடாது. வேறு என்னவோ. மறுபடி இடுப்பைத் தூக்கினேன், வேண்டுமென்றே, மெதுவாக, திருடுகிறவள் மாதிரி. முள் நகர்ந்தது. உட்கார்ந்தேன், திரும்பியது. நான் மூச்சை இழுத்தால்கூட அதற்குத் தெரிகிறதோ. முள் பாலத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எப்படி முடியும், கம்பம் வேறு, நான் உட்கார்ந்திருக்கிற சாரம் வேறு, அதுதானே முதல் பாடம், கருவி நிற்கிற கம்பத்தை மனுஷன் நிற்கிற சாரம் தொடக்கூடாது, தொட்டால் மனுஷனின் எடை கருவிக்குள் போய்விடும். இசக்கியப்பனிடம் அதைச் சொல்லி, இரண்டுக்கும் நடுவே என் கை நுழைகிறதா என்று நேற்றுப் பார்த்துவிட்டுத்தானே போனேன். நுழைந்தது. இப்போது கையை நீட்டினேன். பலகைக்கு அடியில் இருட்டுக்குள் விரல் கயிற்றில் பட்டது. புதுக்கயிறு, சணல், சொரசொரவென்று. சாரத்தின் குறுக்குக் கம்பிலிருந்து கருவிக் கம்பத்துக்கு, இறுக்கி, மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு அழகான முடிச்சு.

காலையில். ஆமாம், காலையில். நான் ஏணிப்பக்கம் வந்தபோது இசக்கியப்பன் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தான். அவன் பார்வை மரியாதைக் குறைவான பார்வை இல்லை, சாரம் கட்டுகிறவன் பார்க்கிற பார்வை, மூட்டை எவ்வளவு கனம் என்று. "மேடம் எத்தன கிலோ இருப்பீங்க?" என்றான். எல்லாருக்கும் முன்னால், லாரிக்காரன், மாசானமுத்து சார், இட்லிப் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜீப் டிரைவர். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. அறுபத்தஞ்சு என்றேன். பொய். என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் இருந்த எடை அது. அவன் நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. "ஒரு கட்டு கூடப் போட்டுருதேன்மா, ஆடாம இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். எங்கே போடுகிறான் என்று நான் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. ஆற்றின் மேல்பக்கம் திரும்பி நின்று கொக்கைப் பார்த்தேன். என் உடம்புக்காக ஒருத்தன் கூடுதலாகக் கயிறு கட்டுவதை நின்று பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். அவ்வளவேதான். பிறகு ஏணியில் நின்றபடி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தேன், லாரி உறுமிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டதும் ஏணியிலிருந்து பலகைக்கு மாறினேன். மேலே லாரி வளைவை அழுத்தியது, கீழே நான் கம்பத்தை அழுத்தினேன். வளைவு இறங்கியது, கம்பமும் சேற்றுக்குள் கூடவே இறங்கியது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் முள்ளுக்கு என்ன தெரியும். மீன்காரி தராசுத் தட்டில் விரல் வைப்பாள் என்று சண்டை போட்டிருக்கிறேன். நான் முழு ஆளாக ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது? தெரியாது. ஒரு கோடாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம், சிவப்புப் பொட்டைத் தாண்டியும் இருக்கலாம். தாண்டாமலும் இருக்கலாமே. தாண்டியிருக்காது. மூன்று வருஷம் தட்டித் தட்டிக் கேட்ட எனக்குத் தெரியாதா. அப்படியானால் இதைச் சொல்லத் தேவையில்லை, எப்படியும் தேறுகிற பாலத்துக்கு ஒரு கயிறு எதற்கு. அரைக்கோடு என்று சொல்லியாகிவிட்டது, அவர் மேலிடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் லாரி இறங்கிப் போகும், நான் ஏணிக்கு மாறுவேன், இசக்கியப்பன் தன் கையால் கட்டிய கட்டைத் தன் கையால் அவிழ்ப்பான், அவனுக்கு அது வெறும் கயிறு. யாரும் கேட்கமாட்டார்கள். எதிர்க்கட்சியே கேட்காது. ஜெபசெல்வி, உன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அப்புறம் பஸ். தென்கரையிலிருந்து வருகிற காலை பஸ், எனக்குத் தெரியும் அது எப்படி வரும் என்று, இரண்டு படியிலும் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகப் புத்தகப்பையை யார் மடியிலாவது திணித்துவிட்டு. கோயில் கொடை நாளில் இன்னும் மோசம், எதிரும் புதிருமாக இரண்டு பஸ், நடுவில் ஒரு டிராக்டர், பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டு ஆரன் அடிப்பார்கள். அந்தப் பிள்ளைகள்தான் படம் வரைந்து அனுப்பினார்கள். நிறுத்து. பயமுறுத்திக்கொள்ளாதே. எல்லாப் பாலத்துக்கும் பயப்பட்டால் எதில்தான் போவது. ஆனால் கேள், இதைக் கேள், தேறும் என்று உனக்கு நிச்சயம் என்றால் ஏணிக்கு மாறிப் பார்க்கவேண்டியதுதானே. உன் எடையை எடுத்துவிட்டு முள்ளைப் பார். எதற்கு இன்னும் உட்கார்ந்திருக்கிறாய். மூன்று வருஷம் தூக்கித் திரிந்ததைக் கீழே போடப் பயமாக இருக்கிறது, அதுதான், வேறொன்றும் இல்லை, பயமாக இருக்கிறது.

மேலே பாட்டு மாறியது. தளவாய் கூடவே பாடுகிறான், சுதி சேரவில்லை. அவன் கால் பிரேக்கில் இருக்கிறது. என் தலைக்கு நேர் மேலே, ஒரு முழம் செங்கல், அதற்கு மேல் மண், அதற்கு மேல் தார், அதற்கு மேல் அவன். நான் சாவதானால் அவனோடுதான் சாவேன், அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் பஸ் போகும்போது நான் கீழே உட்கார்ந்திருக்கமாட்டேன். அதை நினைத்ததும் எழுந்துவிட்டேன். நினைத்து எழுந்தேனா, எழுந்தபிறகு நினைத்தேனா, தெரியவில்லை. ஏணி தூணின் கல்லில் சாய்ந்து நிற்கிறது, அதற்கும் கம்பத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது சுத்தம். ஒரு காலைப் படியில் வைத்தேன். ஏணியின் இரும்பு வெயிலே படாமல் சில்லென்று இருந்தது. கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏணிக்கு மாற்றினேன். முள் புறப்பட்டது. ஒரு கோடு. இரண்டு. இருக்கட்டும், இவ்வளவு இருக்கலாம், இது நல்ல இறக்கம்தான். மற்றக் காலையும் எடுத்து வைத்தேன், பலகை லேசாக மேலே எழும்பியது, முள் தயங்கவே இல்லை, வீட்டுக்குப் போகிறவள் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. பொட்டுக்கு முன்னால் நின்றுவிடும் என்று நினைத்தேன். நில்லு. நில்லும்மா. நில்லு. பொட்டின் சிவப்பு முள்ளுக்குப் பின்னால் ஒரு கணம் மறைந்தது, பிறகு முள்ளின் மறுபக்கம் தெரிந்தது. பொட்டைத் தாண்டி இன்னும் சில கோடுகள் போய் நின்றது. சேற்றில் இறங்கிய கம்பம் முழுசாக மேலே வந்திருக்காது. அப்படியானால் இதுகூடக் குறைவு. நிஜம் இதைவிட மோசம்.

"தளவாய்!" கத்தினேன். பாட்டு போய்க்கொண்டிருக்கிறது. "தளவாய்! வண்டிய எடு!" வளைவு என் குரலைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. இடுப்பிலிருந்து சுத்தியலை உருவினேன், ஓங்கியபிறகுதான் தெரிந்தது எதன் மேல் ஓங்குகிறேன் என்று, கையைத் திருப்பித் தூணின் கருங்கல்லில் அடித்தேன், தீப்பொறி பறந்தது.

"யம்மா, என்னாச்சு?" கீழே இசக்கியப்பன் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"மேல ஓடு. தளவாயை வண்டிய எடுக்கச் சொல்லு. ஸ்டார்ட் பண்ணவேண்டாம், நியூட்ரல்ல விட்டுப் பின்னால மெதுவா உருட்டணும், சரிவுதான், தானா உருளும். குலுக்கக்கூடாது. ஓடு இசக்கி!"

"நீங்க இறங்குங்கம்மா மொதல்ல."

"போன்னு சொல்லுதேன்ல!"

அவன் கரையேறி மேலே போகிற நேரம் ஒரு யுகம். நான் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, முள் திரும்பி வருகிறதா என்று பார்க்கவேண்டும், அதைப் பார்க்க வேறு யாரும் இல்லை. செங்கற்களுக்கு நடுவே இருந்து கொஞ்சம் சுண்ணாம்பு, மாவு சலிக்கிறமாதிரி, என் முன்னால் உதிர்ந்தது. இதுவரை உதிரவில்லையா, நான் பார்க்கவில்லையா. பிதாவே என்று ஆரம்பித்த ஜெபம் அடுத்த வார்த்தைக்கு நகரவில்லை, பிதாவே பிதாவே என்று அங்கேயே நின்றது. பாட்டு நின்றது. யாரோ கல்லை உதைத்துத் தள்ளினார்கள். பிறகு சக்கரம் உருளும் முனகல், தலைக்கு மேல் இடமிருந்து வலமாக, ஆட்டுரலில் உளுந்து அரைபடுகிற சத்தம். முள் திரும்பியது. வா. வா. பொட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது, வந்துகொண்டே இருந்தது, முனகல் கரைப்பக்கம் போய்த் தேய்ந்தது. வா, வந்துவிடு, வீட்டுக்கு வந்துவிடு. பாதி தூரம் வந்ததும் நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். கண்ணாடியை விரலால் தட்டினேன், சிலசமயம் முள் சிக்கிக்கொள்ளும். சிக்கவில்லை. அதற்குமேல் வளைவால் வர முடியவில்லை, அவ்வளவுதான் அதன் சக்தி. நெற்றியைச் செங்கலில் வைத்துக்கொண்டு அழுதேன். மூன்று வருஷத்தில் அதை நான் சுத்தியலால்தான் தொட்டிருக்கிறேன், நெற்றி வைத்தது இப்போதுதான்.

இறங்கித் தண்ணீரில் நின்றேன். மாசானமுத்து சார் குடையைக் கரையிலேயே போட்டுவிட்டு பூட்ஸோடு ஆற்றுக்குள் வந்திருந்தார். இசக்கியப்பன், அவனுக்குப் பின்னால் தளவாய், முகம் வெளுத்துப்போய்ச் சிரிக்கப் பார்த்தான்.

"தாண்டிட்டு சார்" என்றேன். "பொட்டைத் தாண்டிட்டு. பாதிதான் திரும்பி வந்துது. மொதல்ல சொன்ன அரைக்கோடு தப்பு."

"மேடம், நான் மேல சொல்லிட்டேனே."

"மறுபடி சொல்லுங்க. தேறலன்னு சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒங்க பாலம் மேடம்" என்றார் மெதுவாக, எனக்கு மறந்துபோய்விட்டதோ என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி. ஆமாம் என்று தலையாட்டினேன்.

இசக்கியப்பனுக்குத்தான் முதலில் விளங்கியது. பலகைக்கு அடியில் நிமிர்ந்து பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், தலையில் கையை வைத்துக்கொண்டான். "நான்தாம்மா கட்டுனேன். நீங்க விழுந்துரக் கூடாதுன்னு கட்டுனேன்."

"தெரியும். நீ ஏன் கட்டுனேன்னு எனக்குத் தெரியும். நான்தான் பாக்கல, நான் பாத்திருக்கணும்" என்றேன்.

"அப்ப நான் மேல இருக்கும்போது..." என்று ஆரம்பித்தான் தளவாய். நிமிர்ந்து வளைவைப் பார்த்தான். பிறகு, "சுத்திக்கிட்டே போயிருதேன் மேடம். பழகிப்போச்சு" என்றான். அதைக் கேட்கத்தான் தாங்கவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாசானமுத்து சார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் வேலை அவருக்கு. முதல் அளவு ஏன் தப்பாகிப்போனது என்று காரணம் எழுதவேண்டும், சாரத்தின் எடை கம்பத்தில் இறங்கிவிட்டது என்று எழுதினால் எவ்வளவு எடை என்று மேலே கேட்பார்கள். கேட்க அவருக்குக் கூச்சம். பேனாவைப் பார்த்துக்கொண்டே, "பலகை, கம்பு எல்லாம் நான் போட்டுக்கிடுதேன். ஆள் எடை... ஒங்க எடைன்னு ஒண்ணு போடணும் மேடம். காலைல அறுபத்தஞ்சுன்னு சொன்னீங்கள்லா, அதையே போட்டுரட்டா?" என்றார். தளவாய் வேறெங்கோ பார்த்தான், இசக்கியப்பன் தண்ணீரைப் பார்த்தான். நடுக்கண்ணின் நிழல் எங்கள் நாலு பேர் மேலும் விழுந்திருந்தது. வேண்டாம் சார் என்றேன். அந்த மூன்று ஆண்களுக்கும் கேட்கும்படியாக என் எடையைச் சொன்னேன், ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை.